டிராக் டே போகிறீர்களா? முதலில் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

"பந்தயமாப்பா, சும்மா ஓட்டமா?"

கானாடுகாத்தான் வீட்டுத் திண்ணையில் லெதர் சூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா கேட்டது இது. மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தே வளர்ந்த மனுஷி. "சும்மா ஓட்டம்தான் அப்பத்தா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சில வாரம் கழித்து, வண்டிச் சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயரும் அதையேதான் கேட்டார். அவரிடம் அந்தப் பதில் செல்லவில்லை.

டிராக் டே என்றால் பொதுப் போக்குவரத்து வராத பந்தய ஓடுதளத்தில் காசு கட்டி நம் பைக்கையே ஓட்டிப் பழகும் நாள். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. பந்தயத்தில் பெரிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிப்பதுபோல இங்கேயும் வேகத்துக்கேற்ப குழு பிரித்து, பதினைந்து இருபது நிமிடம் மாறி மாறி விடுவார்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு எட்டுகிற தளங்கள் என்றால், சென்னைக்குப் பக்கத்தில் 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை தளம், ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். புதியவர்களுக்கு நான் சொல்வது கரிதான். நீளம் குறைவு என்பதால் வளைவுகள் சீக்கிரம் மனப்பாடம் ஆகும்.

படி 1: பாலிசியில் ஒரே ஒரு பத்தி

விலை போட்ட பக்கத்தை விடுங்கள். 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்று ஒரு பத்தி இருக்கும், வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்று சொல்வது. வாடகைக்கு விடுவது, ஏற்பாடு செய்த பந்தயம், பேஸ் மேக்கிங் (மற்றவருக்கு வேகம் காட்டி முன்னே ஓட்டுவது), ஸ்பீடு டெஸ்டிங் (வேகச் சோதனை), ரிலையபிலிட்டி டிரையல் (வண்டியின் தாங்கும் திறனைச் சோதிக்கும் ஓட்டம்) எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. டிராக் டே பந்தயம் இல்லை என்று நீங்கள் வாதாடலாம். கம்பெனிக்காரர் 'ஸ்பீடு டெஸ்டிங்' என்ற சொல்லைக் கையில் எடுத்தால் என்ன செய்வீர்கள்?

தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப், பம்பர் டு பம்பர் எல்லாம் போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு: அவை மூலப் பாலிசியின் மேல் ஏற்றிய மாடிதான், அஸ்திவாரம் இல்லாத இடத்தில் நிற்காது. வண்டி பாலிசியோடு எடுத்த 15 லட்சம் ஓனர் டிரைவர் விபத்துக் காப்புக்கும் இதே வரம்புதான்.

சந்தேகம் இருந்தால் கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம்ணே" என்று ஏஜெண்ட் போனில் சொல்வது கிளெய்ம் நேரத்தில் எடுபடாது. பதில் வரும்வரை, தளத்தில் விழுந்தால் வண்டிச் செலவு நம் பை என்றே கணக்கு வையுங்கள். அந்தத் தொகை கையில் இல்லையா, இந்தத் தடவை வேண்டாம்.

படி 2: உடம்புக்கு என்ன காப்பு

மருத்துவ பாலிசி வேறு கதை, கொஞ்சம் நல்ல கதை. இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்கு வாசகத்தில் மோட்டார் ரேஸிங் வருகிறது. ஆனால் 'தொழில்முறையாகப் பங்கேற்றால்' என்று ஒரு நிபந்தனையும் கூடவே வருகிறது. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற நமக்கு அந்தச் சொல் பெரிய துணை. தனியாக எடுத்த விபத்து பாலிசிகளில் அந்தச் சலுகை இல்லாமலும் இருக்கும், அதையும் படியுங்கள்.

தளத்தில் ஒரு உறுதிமொழிப் படிவம் நீட்டுவார்கள். விழுந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்பதே அதன் சாரம். ஆம்புலன்ஸ் உள்ளேயே நிற்கிறதா, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 3: வண்டியும் உடுப்பும்

பிரேக் பேட், பிரேக் ஆயில், செயின் தொய்வு, டயர். இந்த நான்கையும் ஊரிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல் டேப் ஒட்டுவதும் கண்ணாடி கழற்றுவதும் தளத்துக்குப் போன பிறகு. முழுமுக ஹெல்மெட், லெதர் சூட், மணிக்கட்டை மூடும் கிளவுஸ், கணுக்கால் மறைக்கும் பூட்ஸ், முதுகுக் காப்பு. வாடகைக்குக் கிடைத்தால் முதல் தடவைக்கு அதுவே போதும்.

படி 4: முதல் சுற்று

டயர் சூடேறும்வரை மெதுவாக. சூடேறாத டயர் வளைவில் ஆத்தங்குடிக் கல்லில் ஈரக்காலோடு நடப்பதுபோல. பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துக்கொண்டு, கண்ணை வெளியேறும் இடத்தில் வையுங்கள். மஞ்சள் கொடி என்றால் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் வேகம் குறைத்து, வண்டிகள் நிற்கும் பிட்டுக்குத் திரும்பவேண்டும்.

படி 5: விழுந்துவிட்டால்

நான் விழுந்தது இரண்டாவது செஷனில், இடது வளைவில். டயர் முழுசாய்ச் சூடேறும் முன்பே வண்டியை அதிகம் சாய்த்துவிட்டேன். முன்சக்கரம் நழுவியது தெரியும். அடுத்து தெரிந்தது கிளவுஸுக்குள் மண். ஹேண்டில் வளைந்து, டேங்க் நசுங்கி, கிளட்ச் லீவர் பாதியாய் ஒடிந்து கிடந்தது. உடம்பில் சிராய்ப்பு மட்டும்தான்.

ஓடுதளத்தில் எழுந்து நின்று வண்டியைத் தூக்கப் போகாதீர்கள். பின்னால் வருகிறவர்களைப் பார்த்து ஓரமாக வெளியேறுங்கள், தளத்தின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் மார்ஷல் வருவார்.

வண்டியைக் குட்டியானையில் ஏற்றி ஊர் கொண்டுவந்தேன். கிளெய்ம் படிவத்தில் 'விபத்து நடந்த இடம்' என்ற கட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "திருமயம் தாண்டிப் பாலத்துக்கிட்டன்னு எழுது மாப்ள" என்றான் நண்பன். எழுதவில்லை. பொய்க் கிளெய்ம் மோசடிதான்; அதுவுமில்லாமல் இண்டிகேட்டர் மேல் டேப் அப்படியே ஒட்டியிருந்தது! தளத்தின் பெயரையே எழுதினேன், சர்வேயர் அப்பத்தாவின் கேள்வியைக் கேட்டார், கிளெய்ம் கைவிட்டுப் போனது. 23,000 ரூபாய் சொந்தக் காசு.

படி 6: திரும்பும் வழி

விழாமல் முடித்தால் அன்று மாலையே ஊருக்குக் கிளம்பத் தோன்றும். காரைக்குடிக்கு நெடுந்தூரம், கையும் தொடையும் ஓய்ந்திருக்கும், ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள். தளத்தின் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறினால் பாலிசிக்கு மறுபடி உயிர் வந்துவிடும். அதனால் கேட்டுக்கு உள்ளேயே டேப்பை உரித்து, கண்ணாடியை மாட்டி, ஹெட்லைட் எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.