ஒரு கரண்டி கூடப் போட்டால் என்ன? ஆட்டுக்குத் தாது உப்பு தருவதில் நடக்கும் தவறுகள்

ஆடு இளைத்து, முடி மங்கிப்போனால் பலருடைய கை முதலில் போவது தாது உப்புக் கலவைப் பாக்கெட்டுக்குத்தான். பற்றாக்குறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மிஞ்சினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

பெரிய தவறு, ஒரே சத்தை நாலு வழியில் கொடுப்பது. கடையில் வாங்கும் அடர்தீவனத்தில் தாது உப்பு ஏற்கெனவே இருக்கும். அதன் மேல் ஒரு கைப்பிடி கலவை, கொட்டிலில் தொங்கும் உப்புக்கட்டி, போதாததற்கு டானிக். தாமிரத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ ஆடு நாளொன்றுக்கு, ஈரம் நீக்கிய கணக்கில், சுமார் 700 கிராம் தீவனம் தின்னும். கிலோ தீவனத்துக்கு 40 மில்லிகிராம் தாமிரம்தான் வெள்ளாட்டின் தாங்கும் எல்லை என்று வைத்தால், ஒரு நாளுக்கு 28 மில்லிகிராம். பாக்கெட்டில் தாமிரம் 0.1 சதவீதம் என்று போட்டிருந்தால், 30 கிராம் கலவையிலேயே 30 மில்லிகிராம் வந்துவிடுகிறது. கைப்பிடியால் அளக்காதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள்.

தாமிரம் பொல்லாதது, ஏனென்றால் சத்தமில்லாமல் சேரும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈரலில் தங்கும். ஆடு நன்றாகத்தான் மேயும். சந்தைக்கு வண்டியில் ஏற்றினாலோ, தீவனம் குறைந்தாலோ, சினை முற்றினாலோ ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டி, சிவப்பணுக்களை உடைக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் காபி நிறத்தில் போகும், ஓரிரு நாளில் ஆடு செத்துப்போகும். எலிக்காய்ச்சலிலும் சிறுநீர் இப்படிப் போவதால், உப்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வெள்ளாட்டோடு செம்மறியும் சேர்த்து வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளாடு தாங்குவதில் பாதியைக்கூடச் செம்மறி தாங்காது. இரண்டும் ஒரே தொட்டியில் தின்றால் முதலில் விழுவது செம்மறிதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பன்றித் தீவனம், கோழித் தீவனம் போடுவதும் ஆபத்து. அவற்றில் தாமிரம் கூடுதலாக இருக்கலாம். மயில்துத்தமும் தாமிர உப்புதான்; குளம்பு கழுவ அதைக் கரைத்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். தாகத்தில் ஆடு குடித்துவிடும்.

செலினியம் என்ற தாது இன்னும் நுணுக்கமானது. தேவையே கிலோ தீவனத்துக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம்தான். வைட்டமின் ஈ கலந்த செலினியம் ஊசியைக் குட்டியின் எடை பார்க்காமல், குத்துமதிப்பாகப் போட்டுக் குட்டியையே இழந்துவிடலாம். நாள்பட மிஞ்சினால் முடி கொட்டும், குளம்பு வெடிக்கும்.

துத்தநாகம் அதிகமானால் தாமிரத்தை உடம்பு உறிஞ்சவிடாது. அயோடின் குறைந்தாலும் கழுத்துக் கழலை, மிஞ்சினாலும் கழலை. அதனால் கழலையைப் பார்த்த உடனே அயோடினைக் கூட்டிவிடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் எல்லாச் சேர்க்கையையும் நிறுத்திவிட்டு, பாக்கெட்டுகளோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஆடு இறந்திருந்தால் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை செய்து, ஈரலும் சிறுநீரகமும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ரத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. ஈரல் நிரம்பிக் கிடக்கும்போதும் ரத்தத்தில் தாமிரம் சரியான அளவிலேயே காட்டும்.