தன்னைப் பற்றிய நகைச்சுவைக் கட்டுரை: எழுதத் தொடங்குவோருக்கு

தம்மைப் பற்றி நகைச்சுவையாக ஒரு கட்டுரை எழுத உட்காருபவர், தம் வாழ்க்கையில் நடந்தவற்றுள் மிக வேடிக்கையான சம்பவம் எது என்றுதான் முதலில் யோசிக்கிறார். சேற்றில் வழுக்கி விழுந்ததும், ஊர் மாறிப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் உடனே நினைவுக்கு வரும். நேரில் பார்த்தவர்கள் அவற்றுக்கு வயிறு குலுங்கச் சிரித்திருக்கலாம். எழுத்திலோ அவை இரண்டு வரியில் தீர்ந்துபோகும். எனவே சம்பவத்தை விட்டுவிட்டு, நீங்கள் நெடுநாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிறிய பிடிவாதத்தைத் தேடுங்கள் என்பதே நான் கூற விரும்பும் முதல் யோசனை.

இந்த யோசனைக்குத் தமிழிலேயே பழைய ஆதாரம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடுகள் எனப்படும், உடலில் வெளிப்படும் எட்டு உணர்ச்சிகளில் நகையை, அதாவது சிரிப்பை, முதலாவதாக வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. அதற்கு உரை கண்ட, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர், நகை பிறரிடம் கண்டதாலும் வரும், தன்னிடம் கண்டதாலும் வரும் என்று விளக்குகிறார். தன்னைப் பற்றி எழுதுபவருக்கு இந்த நான்கில் மிகவும் பயன்படுவது மடன்தான். ஒருவர் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமல் இருக்கும் குணத்தையே அந்தச் சொல் குறிக்கிறது. பேதைமை ஒருமுறை வெளிப்பட்டவுடன் முடிந்துவிடும். இளமைக்காலக் குறும்புகளை எழுதும்போது ஏக்கம் மிகுந்து சிரிப்பு கரைந்துவிடும். மடனோ ஒவ்வொரு தோல்விக்கும் புதிதாக ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே போகும். ஆகவே அதை வைத்து ஒரு கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடத்திச் செல்லலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒருவர், வீட்டுக்கு வேண்டிய கறிவேப்பிலையை வீட்டிலேயே வளர்த்துக்கொள்வது என்று முடிவு செய்கிறார். காய்கறிக்கடைக்காரர் கொசுறாகப் போட்டுத் தரும் கொத்தை, பூச்சிமருந்து அடித்திருப்பார்கள் என்று சொல்லி, வேண்டாம் என மறுத்துவிடுகிறார். நாற்று, தொட்டி, செம்மண், மண்புழு உரம் என்று செலவு ஏறுகிறது. புளித்த மோர் ஊற்றினால் செடி தழைக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து, வீட்டில் தோய்க்கும் தயிரில் செடிக்கு ஒரு பங்கு தனியாக ஒதுக்கப்படுகிறது. மூன்றாம் ஆண்டில் அவர் பறிக்கும் முதல் அறுவடை 11 இலைகள். இந்தப் பொருளில் நகைச்சுவை முழுவதும் ஏற்கெனவே இருக்கிறது. எழுதுபவர் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

கெடுக்கும் வழிகளில் பரவலானது, எழுதுபவர் தம்மைத் தாமே முட்டாள் என்று அழைத்துக்கொள்வது. “என்னைப் போன்ற ஒரு மடையன் உலகத்தில் இருக்க முடியாது” என்று எழுதியவுடன், தீர்ப்பு சொல்லும் வேலை வாசகரிடமிருந்து பறிபோகிறது. சிரிப்பும் அதோடு போய்விடுகிறது. அன்று உங்களுக்கு அந்தச் செயல் எவ்வளவு நியாயமாகத் தோன்றியதோ அவ்வளவு நியாயத்தோடு எழுதுங்கள். “பூச்சிமருந்து இல்லாத இலையைக் குடும்பத்துக்குத் தருவது என் கடமை என்று கருதினேன், அந்தக் கடமைக்கு அந்த ஆண்டில் 1,460 ரூபாய் செலவானது” என்பது போன்ற வாக்கியம், தன்னைத் திட்டும் பத்து வாக்கியங்களைவிட வலிமையானது.

அந்தத் தொகையை நான் காரணத்தோடுதான் எழுதினேன். மிகைப்படுத்தினால்தான் சிரிப்பு வரும் என்று பலர் நம்புகிறார்கள். “ஆயிரக்கணக்கில் செலவழித்தேன்” என்பது காதில் விழுந்து மறைந்துவிடும். 1,460 ரூபாய் என்றால், அந்த மனிதர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிகிறது, அப்போது அவரே கண்முன் வந்து நிற்கிறார். எண்ணையும் பொருளின் பெயரையும் நேரத்தையும் துல்லியமாகக் கொடுங்கள். அவற்றைக் குடும்பத்தாரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அவர்களுக்கு நினைவிருப்பது பெரும்பாலும் நீங்கள் மறந்துவிட்ட பகுதியாகவே இருக்கும், அதுவே கட்டுரையின் சிறந்த பகுதியாகவும் அமையும்.

அடுத்ததாக, வாக்கியத்தின் அமைப்பு. தமிழில் வினைமுற்று பொதுவாகக் கடைசியில் வருவதால், ஒரு செயல் நடந்ததா இல்லையா என்பதை வாக்கியத்தின் இறுதிச் சொல் வரை மறைத்து வைக்க முடிகிறது. நகைச்சுவை எழுதுபவருக்கு மொழி தானாகவே தரும் இந்த வசதியை வீணாக்கக் கூடாது. “காலையில் தண்ணீரும் மாலையில் மோரும் ஊற்றி, வெயில் நகர்ந்தால் தொட்டியையும் நகர்த்தி, ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்து வளர்த்த செடி, ஓர் அங்குலமும் வளரவில்லை” என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல் வரை நம்பிக்கை உயிரோடு இருக்கிறது. அதையே “செடி வளரவில்லை, இத்தனைக்கும் நான்...” என்று தொடங்கினால் மீதி அத்தனையும் வெறும் புலம்பலாகிவிடும். எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்தால் எந்தச் சொல் முன்கூட்டியே குட்டை உடைத்துவிடுகிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

நடை எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும். பேச்சுத் தமிழைப் பிறர் வாய்மொழிக்கென்று காத்து வையுங்கள். நீளமான, நிதானமான மூன்று பத்திகளுக்குப் பிறகு அம்மா வந்து, “ஏம்ப்பா, அந்தத் தயிரை நீயாவது சாப்பிட்டிருக்கலாம்ல?” என்று கேட்கும்போது, அந்த ஒரு வரியிலேயே கட்டுரை முழுவதும் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. இத்தகைய வரிகள் ஒன்றோ இரண்டோ போதும்.

வீட்டு மனிதர்கள் கட்டுரைக்குள் வரும்போது மிகுந்த கவனம் தேவை. மனைவியையோ மாமியாரையோ கேலிப்பொருளாக்குவது தமிழ்ப் பத்திரிகைத் துணுக்குகளில் தேய்ந்துபோன பாதை. அதில் இனி ஒருவர் நடக்க வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். தன்னைப் பற்றிய கட்டுரையில் தவறு செய்பவர் எழுதுபவர் ஒருவரே. மற்றவர்கள் அவரைவிடத் தெளிவானவர்களாகவே இருக்கட்டும். ஒருவருடைய உடல், சாதி, வட்டார வழக்கு ஆகியவற்றிலிருந்து சிரிப்பை எடுக்கவே வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் சம்பந்தப்பட்டவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் சுருங்கும் வரியை நீக்கிவிடுங்கள்.

திருத்தும்போது வியப்புக்குறிகளையும், “வேடிக்கை என்னவென்றால்” போன்ற அறிவிப்புகளையும் முதலில் அகற்றுங்கள். பின்னர் கடைசிப் பத்தியைப் பாருங்கள். பொறுமையின் பெருமையையோ இயற்கையின் பாடத்தையோ அங்கே எழுதியிருந்தால், அதை எடுத்துவிட்டு ஒரு சிறு நிகழ்வை வையுங்கள். நம் உதாரணத்தில், அந்த 11 இலைகளையும் ரசத்தில் தாளித்து முடித்த மறுநாள் அவர் காய்கறிக்கடைக்குப் போகிறார். கடைக்காரர் பழக்கத்தில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடுகிறார். இவர் மறுக்கவில்லை. கட்டுரையை அங்கே நிறுத்திவிடலாம்.