முதல் நாள் படம் எங்கே?

போன வாரம் கின்சி வீதித் தேநீர்க் கடையில் ஒரு மாணவி மடிக்கணினியைத் திறந்து காட்டினார். முயலின் தொடை எலும்பில் துளையிட்டு வைத்த கல்சியம் பொஸ்பேற்றுச் சட்டகம், அதாவது புது எலும்பு வளர இடம் தரும் தாங்கி. 8ஆம் வார சி.டி. படம். துளை முழுவதும் வெண்மை.

"எலும்பு நன்றாக வளர்ந்திருக்கிறது, சேர்."

"முதல் நாள் படம் எங்கே, பிள்ளை?"

எடுக்கவில்லை. எனக்கு நெஞ்சு பதைத்தது, ஏனென்றால் நானும் இதே தவறைச் செய்தவன்.

அடிப்படைப் படம் எடுக்காமல் விடுவது

எலும்பின் கனிமமும் இந்தச் சட்டகமும் கல்சியம், பொஸ்பேற்றால் ஆனவை. எக்ஸ்ரேக்கு இரண்டும் வெள்ளைதான். வைத்த அன்றே படம் எடுத்தாலும் அந்தத் துளை வெள்ளையாகத்தான் தெரியும். சட்டகம் கரையக் கரைய எலும்பு வந்து நிரப்பினாலும் வெள்ளை; சட்டகம் அப்படியே கிடந்தாலும் வெள்ளை. முதல் நாள் படத்தோடு பொருத்திப் பார்த்தால்தான் எது மாறியது என்பது தெரியும்.

என் ஆய்வில் ஆறு மாத உழைப்பின் முடிவில் நுணுக்குக்காட்டியில் இழையச் சீவலைப் பார்த்தேன். கனிமம் நீக்கும் அமிலத்தில் சட்டகத் துகள்கள் கரைந்து, அவை இருந்த இடங்கள் வெற்றுத் துளைகளாகத் தெரிந்தன. அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பில் நார் இழையம். எலும்போ, ஓரத்தில் ஒரு கீற்று மட்டும். "வளர்ச்சி" என்று நான் எழுதி வைத்திருந்த வெண்மை முழுவதும் நானே வைத்த பொருள். அந்த விலங்குகளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

ஸ்கேன் இயந்திரத்தில் நேரம் கிடைப்பது எவ்வளவு பெரும்பாடு என்பது எனக்குத் தெரியும். இரண்டு முறைதான் கிடைக்கும் என்றால், ஒன்றைக் கட்டாயம் முதல் நாளுக்கு வையுங்கள். தையல் போட்டு முடிந்ததும், மயக்கம் தெளியுமுன் எடுத்துவிடுங்கள். அதே மின்னழுத்தம், அதே துண்டுத் தடிப்பு, அடர்த்தி தெரிந்த அளவீட்டு மாதிரி ஒன்று பக்கத்தில். கடைசிப் படம் வரை இவை மாறக் கூடாது.

இரும்புத் துகளை நம்புவது

உடலுக்குள் வைத்த கலங்களை எம்.ஆர்.ஐ.யில் பின்தொடர அவற்றுக்குள் இரும்பு ஒட்சைட்டு ஏற்றுகிறோம்; அது படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். கலம் இறந்தால் அந்த இரும்பை விழுங்குகலங்கள் தின்றுவிடும். கரும்புள்ளி அதே இடத்தில் இருக்கும். அந்தப் புள்ளி, கலம் உயிரோடு இருப்பதற்குச் சான்று அல்ல.

கொலாஜன் ஜெல்லை சி.டி.யில் தேடுவது

கொலாஜன் என்ற புரதத்தால் ஆன ஜெல் சி.டி.யில் கண்ணுக்குத் தெரியாது. எம்.ஆர்.ஐ.க்குப் போங்கள்.

உலோகத் திருகாணி

பக்கத்தில் இருந்தால் அதன் நிழற்கோடுகளை எலும்பு என்று அளக்காதீர்கள்.