தேர்வுப் பட்டியலிலிருந்து மாணவர்களைத் தானியங்கியாக நீக்கும் முறை

மண்டபம், ராமேசுவரம் பகுதிகளில் மூடுல் என்னும் இணையவழிக் கற்றல் தளத்தின் வழியே தேர்வு நடத்தும் ஆசிரியர்கள், தகுதியற்ற பதிவுகளை ஒவ்வொன்றாக நீக்கத் தேவையில்லை. உரைக்கோப்பின் மூலம் பாடப் பதிவுகளைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் 'ஃபிளாட் ஃபைல்' பதிவுமுறையை நிர்வாகி இயக்கியபின், ஒரு வரிக்கு ஒருவராக ஆங்கிலத்தில் 'டெல்' (del) என்னும் கட்டளை, மாணவர் (student) என்ற பங்கு, அவருடைய அடையாள எண், பாடத்தின் அடையாள எண் ஆகியவற்றைக் காற்புள்ளியிட்டு எழுதிய கோப்பைக் குறித்த இடத்தில் வைத்தால், குறித்த இடைவெளியில் தானாக இயங்கும் 'கிரான்' பணி ஓடும்போது பாடத்திலிருந்து நீக்கம் நடந்துவிடும். படித்த கோப்பு அழிக்கப்படுவதால் முன்கூட்டியே நகல் எடுக்க வேண்டும். கோப்பை எக்செலில் தயாரித்தால் அது அடையாள எண்ணின் முன்னுள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும் என்பதையும் கவனிக்கவும்.

முழு நீக்கத்தைவிடப் பதிவை இடைநிறுத்தும் தெரிவே நல்லது. தவறு நேர்ந்தால் மீட்பது எளிது. புயல் எச்சரிக்கை நாளில் பாம்பனில் மின்சாரமும் சிக்னலும் போய், பாதியில் துண்டிக்கப்பட்ட மாணவரைத் தேர்வுக்கு வராதவராகக் கருதுவது அநியாயம். ஆகவே மூடுலின் செயல்பாட்டுப் பதிவேட்டில் அவர் கடைசியாக இயங்கிய நேரத்தைப் பார்த்த பிறகே அவருக்கான வரியை எழுதவும்.