பேட்டரியை மாற்றும் முன்: சார்ஜ் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று கடைக்குப் போனால் முதலில் வரும் பதில் "பேட்டரி போச்சு, மாத்திடலாம்" என்பதுதான். சில சமயம் அது உண்மை. ஆனால் பேட்டரி நன்றாக இருந்து, வேறு ஏதோ ஒன்று சார்ஜை இழுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் இரண்டாவது கதைதான். அதைக் கண்டுபிடித்த வழி இதோ.

படி 1: ராத்திரிச் சோதனை

படுக்கும்போது ஃபிளைட் மோடு போட்டு, சதவீதத்தைக் குறித்து வையுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் அது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அலாரம் அடிக்கும், கவலை வேண்டாம். காலையில் இரண்டு மூன்று சதவீதம்தான் இறங்கியிருக்கிறது என்றால் பேட்டரி மேல் சந்தேகம் பெரும்பாலும் தேவையில்லை. மறுநாள் ராத்திரி ஃபிளைட் மோடு இல்லாமல் அதையே செய்யுங்கள். இப்போது நிறைய இறங்கினால் அடுத்த படிதான் உங்களுக்கு.

படி 2: டவர்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். செட்டிங்ஸில் உள்ள பேட்டரி யூசேஜ் பட்டியலில் எந்த ஆப்பும் பெரிதாக இல்லை. பட்டியலை ஆப் வாரியாக இல்லாமல் சிஸ்டம் வாரியாக மாற்றியதும் ‘மொபைல் நெட்வொர்க்’ மேலே வந்து நின்றது.

டவர் தூரமாக இருந்தால் அதை எட்டுவதற்கு போன் சிக்னலைப் பலமாக அனுப்ப வேண்டும். டவரே கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்பத் தேடும். இரண்டும் சார்ஜைத் தின்னும். அம்மாவின் போனில் இரண்டாவது சிம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எப்போதோ செயலிழந்த பழைய நம்பர். அதற்காக போன் நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் அதை ஆஃப் செய்தேன். காலையில் நூறு இருந்தால் மதியத்துக்குள் இருபதுக்கு வந்த போன், இப்போது ராத்திரி வரை தாங்குகிறது.

உங்கள் வீட்டில் 5ஜி வந்து வந்து போகிறதா? நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸப்புக்கும் யூடியூபுக்கும் அது தாராளம்.

படி 3: ஆப்கள்

பட்டியலில் பின்னணியில் அதிக நேரம் ஓடும் ஆப் எது என்று பார்த்து, அதன் பின்னணி அனுமதியையும் லொகேஷனையும் குறையுங்கள். பேட்டரி பூஸ்டர், கிளீனர் என்று வரும் ஆப் எதையும் போடாதீர்கள். விளம்பரம் காட்டுவதற்கே அவை சார்ஜைச் செலவழிக்கும்.

படி 4: பேட்டரியே தேய்ந்திருந்தால்

முப்பது சதவீதம் இருக்கும்போதே கேமராவைத் திறந்ததும் போன் அணைகிறதா? அது தேய்ந்த பேட்டரியின் அடையாளம். வயதாக ஆக பேட்டரியின் உள்தடை, அதாவது அதற்குள்ளேயே மின்சாரத்துக்கு ஏற்படும் தடை, கூடும். கேமரா திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். ஐபோனில் செட்டிங்ஸிலேயே பேட்டரி ஹெல்த் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் எனக்குப் பிடித்தது அக்யூபேட்டரி என்ற ஆப். பேட்டரியில் இன்னும் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்று அது கணக்கிட்டுக் காட்டும். ஒருமுறை சார்ஜ் போட்டுவிட்டு அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள்; சில முறை போட்ட பிறகு பாருங்கள்.

லித்தியம் அயான் பேட்டரியைச் சீக்கிரம் கெடுப்பது வெயிலும் சூடும்தான். ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது ஆப்பிள். நம் மே மாத மதியம் அதைத் தாண்டிவிடும். பைக் ஹோல்டரில் வெயில் படும்படி மாட்டி, மேப்பும் ஓடவிட்டு, சார்ஜும் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும் வேண்டாம். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் போட்டுவிடுங்கள். பேட்டரி நிறைந்த நிலையிலேயே மணிக்கணக்கில் இருப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

பின்சேர்க்கை 1: 5000 எம்ஏஎச் போனில் அக்யூபேட்டரி 2500 என்று காட்டுகிறதே என்று ஒருவர் பதறிப்போய்க் கேட்டிருந்தார். வேகமாகச் சார்ஜ் ஏறும் சில போன்களில் பேட்டரி இரண்டு செல்லாகப் பிரிந்திருக்கும். அக்யூபேட்டரி அதில் ஒரு செல்லை மட்டும் கணக்கில் எடுக்கும். ஏறக்குறைய சரிபாதி காட்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்த ஆப்பின் செட்டிங்ஸில் இரட்டிப்பாக்க வழி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: பின்மூடி மேலெழும்பியிருக்கிறது, என்ன செய்யலாம் என்று இன்னொருவர் கேட்டார். உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி உப்பியிருக்கிறது. மேலே உள்ள எந்தப் படியும் வேண்டாம். போனை அணைத்து, சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.