லேசிக்: லேசர் தொடுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் தவறுதலாக லேசர் பட்டுவிட்டது. கண்ணைப் பார்த்த டாக்டர் ரான் கர்ட்ஸ் அசந்துபோனார். சுற்றிலும் கருகலே இல்லாத, அச்சில் வார்த்தது போன்ற காயம். அந்த ஃபெம்டோசெகண்ட் லேசர்தான் இன்று லேசிக்கில், அதாவது கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்காகக் கருவிழியின் வளைவைத் திருத்தும் ஆபரேஷனில், பிளேடுக்குப் பதிலாகக் கருவிழியின் மேற்பரப்பில் சுமார் 100 மைக்ரான் தடிமனுக்கு மூடிபோல ஒரு ஃபிளாப் வெட்டுகிறது. லேசரின் ஒவ்வொரு துடிப்பும் அத்தனை குறுகியது; சூடு பரவ நேரமே கிடையாது.

ஃபிளாப்பைத் தூக்கிவிட்டு, அடியில் இன்னொரு லேசர் வளைவைச் செதுக்கும். ஆனால் லேசர், நாம் கொடுத்த அளவைத்தான் வெட்டும். அளவு தப்பென்றால் தப்பாகத்தான் வெட்டும், அதுவும் துல்லியமாக.

அளவைக் கெடுப்பதில் முதலிடம் காண்டாக்ட் லென்ஸுக்கு. நாள்கணக்கில் அழுத்தி, கருவிழியின் வளைவையே மாற்றி வைத்திருக்கும். சாஃப்ட் லென்ஸை 2 வாரம், ஹார்டு லென்ஸை 4 வாரமாவது கழற்றி வைத்த பிறகே ஸ்கேனுக்குப் போக வேண்டும். "நடுவில் ஒரு ரிசப்ஷனுக்கு மட்டும் போட்டேன்" என்றால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

இதைவிட ஆபத்து, கண் கசக்கும் பழக்கத்தை டாக்டரிடம் சொல்லாமல் விடுவது. அலர்ஜியில் வருடக்கணக்காகக் கசக்கியவர்களுக்குக் கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தத் தொடங்கியிருக்கலாம். பார்வையில் பெரிதாகத் தெரியாது. கருவிழியின் வளைவை வண்ணங்களில் காட்டும் டோப்போகிராபி படத்தில் கீழ்ப்பாதியில் ஒரு சிவப்புத் திட்டாகத் தெரியும். அதைக் காட்டி "உங்களுக்கு லேசிக் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், செய்து தருகிற வேறு ஆஸ்பத்திரியைத் தேடி அலையாதீர்கள். என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான்.

பவர் ஒரு வருடமாவது மாறாமல் நிற்க வேண்டும். கல்யாணத் தேதிக்காக அவசரப்படக் கூடாது. நாற்பது தாண்டியவர்களுக்கு லேசிக்குப் பிறகும் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம்.

ஆபரேஷன் அன்று சென்ட் அடிக்காமல் போங்கள். கண்ணில் வளையம் வைத்து உறிஞ்சிப் பிடிக்கும்போது சில நொடிகள் பார்வை மங்கும். பயந்து தலையை இழுத்தால் பிடி விட்டுப்போய் லேசர் பாதியில் நிற்கும்.

முடிந்த பிறகு கண்ணைக் கசக்கினால் ஃபிளாப் நகர்ந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பழைய ஃபைலைத் தூக்கிப் போடக் கூடாது என்பது. இருபது, முப்பது வருடம் கழித்துக் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். லேசிக் அந்த வளைவை மாற்றியிருக்கும். லேசிக்குக்கு முந்தைய அளவுகள் உள்ள தாளை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.