வேலை, படிப்பு, மாறும் பருவம்: இளம் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் வேலைக்குப் போகிறார், இன்னொருவர் படிக்கிறார். அல்லது இருவருக்குமே பகலில் வேலை, மாலையில் வகுப்பு. புதிதாகக் குடும்பம் நடத்தத் தொடங்கிய பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். இவர்களுக்குள் சண்டை வந்தால் முதலில் சந்தேகப்படுவது அன்பைத்தான். "நீ முன்ன மாதிரி இல்ல" என்ற பேச்சு அப்போதுதான் வருகிறது. எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலான வீடுகளில் சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. அலுவலகத்துக்கு ஒரு நாட்காட்டி, கல்லூரிக்கு ஒன்று, வெயிலுக்கும் குளிருக்கும் ஒன்று. ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடும். சில வாரங்களில் மூன்றும் முட்டிக்கொள்ளும். அந்த வாரங்களை வைத்துத் துணையை எடைபோடாதீர்கள்.

ஒருமுறை போட்ட ஏற்பாட்டை ஆண்டு முழுக்க இழுப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. செமஸ்டர் தொடக்கத்தில் "காலையில நீ, ராத்திரி நான்" என்று வீட்டு வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருக்கும். அப்புறம் தேர்வு வரும், அலுவலகத்தில் காலாண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி வரும், சீக்கிரமே இருட்ட ஆரம்பிக்கும். ஏற்பாடு மட்டும் மாறாமல் இருக்கும். வாயைத் திறந்து மாற்றிக்கொள்ளாததால், சொன்னதைச் செய்ய முடியாதவர் குற்றவாளி ஆகிவிடுவார். ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும்போதும், பருவம் மாறும்போதும் உட்கார்ந்து வேலைகளை மறுபடி பிரியுங்கள். ஒரே தாளில் தேர்வு வாரங்களையும் அலுவலக நெருக்கடி நாட்களையும் குறித்து வையுங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தால், அந்த வாரம் எந்தெந்த வேலையைச் செய்யாமல் விடலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீடு கொஞ்சம் கலைந்து கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

அடுத்தது, யார் எவ்வளவு செய்தார்கள் என்று மனசுக்குள்ளேயே கணக்கு வைப்பது. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரு உளவியலாளர்கள் 37 தம்பதிகளிடம் தனித்தனியாகக் கேட்டார்கள்: வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு? பெரும்பாலான வேலைகளில் கணவன் சொன்னதையும் மனைவி சொன்னதையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. அவர்கள் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாம் செய்தது நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது, மற்றவர் செய்தது அவ்வளவு எளிதில் வருவதில்லை என்பதே ஆய்வாளர்கள் தந்த முக்கிய விளக்கம். வேலையும் படிப்புமாக இருக்கும் வீட்டில் இது இன்னும் கூடும், ஏனென்றால் ஒருவர் செய்வதைப் பார்க்க மற்றவர் வீட்டில் இருப்பதில்லை. "நான்தான் எல்லாத்தையும் பார்க்குறேன்" என்று தோன்றும்போது, "இன்னிக்கு நீ என்னென்ன பண்ணின?" என்று ஒருமுறை கேளுங்கள். குத்திக் காட்டும் குரலில் கேட்டால் பயனில்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள்.

படிப்பை ஓய்வு நேரம் என்று நினைப்பதை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது படிப்பவரை ஆழமாகக் காயப்படுத்தும். வேலையிலிருந்து ஒருவர் மாலை ஏழு மணிக்குக் களைத்து வருகிறார். மேசை முழுக்கப் புத்தகம், நாற்காலியில் மடிக்காத துணி. "வீட்லதானே இருந்த, இதையாவது மடிச்சு வெச்சிருக்கலாம்ல?" நள்ளிரவுக்குள் சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரையோடு பகல் முழுக்கப் போராடியவருக்கு அதைக் கேட்டால் எப்படி இருக்கும்? சம்பளம் வராததாலேயே அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. படிப்பவர் பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. "ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வது. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துப் போடும் இந்தப் பழக்கத்தை அதே 1979-இல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்களும் விளக்கியிருக்கிறார்கள். போன தடவை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அதைச் சொல்லுங்கள்.

பருவத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பூமத்திய ரேகைக்கு அருகில் பகல் எப்போதும் ஏறத்தாழ 12 மணி நேரம். 50 டிகிரி அட்சரேகையிலோ கோடையில் 16 மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலத்தில் சுமார் 8 மணி நேரமாகச் சுருங்கும். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புபவருக்கு உடல் கடிகாரம் தடுமாறும், காலையில் எழவே மனம் வராது. துணைக்கு அது சோம்பலாகவோ அலட்சியமாகவோ தெரியும். குளிர்காலந்தோறும் வரும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் குழுவினர் 1984-இலேயே மருத்துவ உலகுக்கு விவரித்துவிட்டார்கள். காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தின் முன் அரை மணி நேரம் உட்காருவது இதற்கு வழக்கமாகத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது பிடித்தவற்றில்கூட நாட்டம் போய்விட்டால், மருத்துவரைப் பாருங்கள். லேசான மந்தம்தான் என்றால், காலையில் இருவரும் சேர்ந்து கொஞ்சம் வெளியே நடந்தாலே உதவும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

கோடையின் தொல்லை வேறு மாதிரி. உடல் சூடு சற்று இறங்கினால்தான் நல்ல தூக்கம் பிடிக்கும், புழுக்கமான இரவில் அது எளிதில் இறங்காது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது கிடைக்காத மறுநாள் பணம், குடும்பம், எதிர்காலம் மாதிரிப் பெரிய விஷயங்களை எடுக்காதீர்கள். ஒருவர் விடியலில் எழ வேண்டும், மற்றவர் நள்ளிரவு வரை படிக்க வேண்டும் என்றால், ஒரே நேரத்தில் படுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் வேண்டாம். படிப்பவர் வேறு அறையில் உட்காரட்டும். வேறு அறை இல்லையா, சரி, சிறிய மேசை விளக்கே போதும்.

கடைசியாக, எல்லாம் முடிந்து மிஞ்சும் நேரத்தைத் துணைக்குக் கொடுப்பது. அப்படி நேரம் மிஞ்சுவதே இல்லை. வகுப்புக்கு நேரம் குறிப்பது போல இதற்கும் குறித்து வையுங்கள், அரை மணி நேரமானாலும் சரி. கட்டணம், துணி, பாத்திரம் பற்றிய பேச்சு அந்த நேரத்துக்குள் வர வேண்டாம். அவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள் தனியாக உட்காரலாம்.